நெத்திலியும் சிவப்புத் தட்டும்

குப்பம்மா பள்ளிக்கரணையில் மீன் விற்கத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து காலையில் கூடையோடு வந்து, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மதிலோரம் உட்காருவாள். செவுளும் குடலும் அங்கே திரியும் ஒரு பெட்டை நாய்க்குப் போகும். எலும்பும் தோலுமாக இருந்ததால் அதற்கு நெத்திலி என்று பெயர் வைத்தாள்.

அவள் நீட்டினால் நெத்திலி கையிலிருந்தே தின்னும். ஆனால் அதே கை தோளுக்கு மேலே எழுந்துவிட்டால் வாலை ஒடுக்கிக்கொண்டு மதிலுக்குப் பின்னால் ஓடிவிடும். எத்தனை கல் பட்ட உடம்போ. குப்பம்மாவுக்கு அது புரிந்தது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகியும், பக்கத்தில் யாராவது சட்டென்று கையை ஓங்கினால் அவளுக்கும் தோள் குறுகத்தான் செய்தது.

குடியிருப்பில் இருக்கும் வினிதா அவளுடைய வாடிக்கைக்காரி. தன் நாய்க்கென்று வாங்கிய பறக்கும் தட்டை, அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பு ரப்பர் தட்டு. வீசினால் நாய் ஓடிப்போய்க் கவ்வும் என்றாள்.

"வீசினா இது ஊர வுட்டே ஓடிடும்மா," என்றாள் குப்பம்மா. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

முதல் வாரம் அதை வீசவே இல்லை. மீன் தலையை அதில் வைத்துத் தின்னக் கொடுத்தாள். அடுத்த வாரம், கூடை காலியானதும் பக்கத்துக் காலி மனையில் உட்கார்ந்தபடியே தட்டைச் சக்கரம்போல் உருட்டினாள். மீன் வாசம் ஏறிய தட்டை நெத்திலி துரத்திப்போய்க் கவ்வியது. பிறகு முட்டி உயரத்துக்கு வீசினாள். ஒருநாள் அவசரப்பட்டுக் கையை ஓங்கிவிட, நாய் இரண்டு நாள் கண்ணிலேயே படவில்லை. தன்னையே திட்டிக்கொண்டு, குப்பம்மா மறுபடி மீன் தலையிலிருந்து ஆரம்பித்தாள்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நாளுக்கு நாள் கொஞ்சங்கொஞ்சமாக ஏறிவந்த அவள் கை தோளைத் தாண்டியது. நெத்திலி ஓடவில்லை. தட்டு மிதந்துபோக, நாலுகால் பாய்ச்சலில் போய், எம்பி, அந்தரத்திலேயே கவ்வியது.

சொல்லிவைத்த சங்கரா மீனை வாங்க வந்த வினிதா பார்த்துக்கொண்டே நின்றாள். "அக்கா, நான் ஒரு தடவ வீசட்டுமா?"

குப்பம்மாவுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டை நீட்டினாள். "மெள்ளமா தூக்கு. அதும் மூஞ்சியப் பாத்துகினே தூக்கு."

வினிதா கையை உயர்த்தினாள். நெத்திலியின் காதுகள் பின்னால் மடிந்தன. அது திரும்பிக் குப்பம்மாவைப் பார்த்தது.

"ஒண்ணியும் இல்லடி. நான் இங்கதான கீறேன்."

தட்டு பறந்தது. ஒரு நொடி தயங்கிவிட்டு நெத்திலி ஓடியது. பிடி தவறித் தட்டு மண்ணில் விழ, அதை எடுத்துவந்து வினிதாவின் காலடியில் போட்டுவிட்டு அண்ணாந்து நின்றது.

குப்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன் சங்கராவ நான் ஆஞ்சி வெக்கிறேன். நீ வீசிகினு இரு," என்று சொல்லிவிட்டு அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.