கரி உலையைக் கழற்றிய மாலை

சண்டைக் காலத்தில் பெட்ரோல் அருகிப்போனபோது, எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு தம் காருக்குப் பின்னால் ஒரு கரி உலையைக் கோத்துக்கொண்டார். இரண்டு சக்கரம் வைத்த வண்டிமேல் பெரிய இரும்பு உருளை. உள்ளே கரி கனலும், அதன் வாயு குழாய் வழியே என்ஜினுக்குப் போகும். நாய் வாலில் தகர டப்பாவைக் கட்டிவிட்டதுபோல் இருக்கும். அதில் போகும்போதுதான் அவருக்கு அப்படியொரு மிதப்பு.

அப்போது தலைமைக் குமஸ்தா வேலை காலி. அதற்கு வேண்டிய யோக்கியதை, சாலைக் கடைத்தெருவிலிருந்து அவர் வீட்டுக்குக் காய்கறி சுமப்பது. ஆபீஸே முதுகெலும்பில்லாத ஜந்துக்களின் கூட்டம்; அதில் நான் ராஜா. ஆகவே டிரைவருக்குக் காய்ச்சல் என்றதும், "உலையை மாட்ட, கழற்ற எனக்குத் தெரியும் சார்" என்று முந்திக்கொண்டேன்.

தெரியும் என்றால், டிரைவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கழற்றும்போது முதலில் சக்கரங்கள் உருளாமல் அடைகட்டை. பிறகு முன்தண்டுக்கு முட்டுக்கால். அப்புறம் குழாய், சங்கிலி. கடைசியில்தான் தண்டைக் காரோடு பிணைக்கும் ஆணியை உருவ வேண்டும். சந்தியாவந்தனம்போல் வரிசை மாறக் கூடாது. நானோ சந்தியாவந்தனத்திலேயே பாதியை விழுங்குகிறவன்.

காலையில் மாட்டியது எப்படியோ சரியாக அமைந்தது. அவரே ஓட்ட, கழக்கூட்டம் வரை போய்த் திரும்பினோம். உலை கூடவே வருகிறதா என்று வழியெல்லாம் திரும்பிப் பார்த்து எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

அவர் வீடு மேட்டின் உச்சியில். கனலும் உலையை ஷெட்டுக்குள் விட முடியாது. வாசலிலேயே கழற்ற வேண்டும். அவர் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, மேற்பார்வை செய்கிறேன் என்று உலைக்குப் பின்னால், சரிவில் போய் நின்றார்.

"வேகம் ஆகட்டும் ஓய்! காப்பி ஆறிப்போறது."

"இதோ ஆச்சு சார்."

"கட்டை வச்சீரா?"

"அதெல்லாம் அப்பவே வச்சாச்சு!"

குழாய், சங்கிலி, ஆணி. ஆணி கையோடு வந்தது. உலை ஒரு கணம் யோசித்தது. பிறகு முன்தண்டை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, புகைவிட்டபடி சரிவில் இறங்கிப் போயிற்று.

நான் என்ன செய்தேன்? காருக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். போகிற உலை திரும்பி வந்து என்னைக் கடிக்குமா? காலில் ஏதோ இடித்தது. அடைகட்டைகள்!

தெருமுனைக் குளத்திலிருந்து, ஆயிரம் தோசை ஒரே கல்லில் விழுந்த சத்தம் எழுந்தது.

"ஓய்!" என்று எங்கிருந்தோ அவர் குரல். "போயாச்சா?"

"போயாச்சு சார். குளத்துக்கு."

"நீர் எங்கே?"

"காருக்குள்ளே சார்."

"அங்கே எதுக்குடோ?"

"பயந்து பேடிச்சுப்போயிட்டேன் சார். நீங்க எங்கே இருக்கேள்?"

எட்டிப் பார்த்தேன். ஒரு படி ஏறினாலே மூச்சு வாங்கும் மனுஷர், வாசல் பலா மரத்துக் கிளையைக் கட்டிக்கொண்டிருந்தார். வேஷ்டி கீழே கிடந்தது.

"காய் மூத்திருக்கான்னு பாக்கறேன்" என்றார் கம்பீரமாக.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். சில நாளில் உத்தரவு வந்தது: தலைமைக் குமஸ்தா, செங்கோட்டைக் கிளை ஆபீஸ்.

"ஏன்னா, எதுக்கு அத்தனை தூரத்துக்குத் தள்றா?" என்றாள் மனைவி.

மலைக்கு அந்தப் பக்கம் நான் வாயைத் திறந்தால் இங்கே கேட்காது என்று அவருக்கு நினைப்பு. செங்கோட்டையில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், பலா மரத்திலிருந்து தொடங்கி.