முள்ளம்பன்றியை அடிக்க வந்தவர்கள்

கொழும்புக்கு வேலைக்குப் போன மகள் தன் பழைய ஃபோனை என்னிடம் விட்டுப்போனாள். அதில் ஒரு விளையாட்டு. மற்ற மிருகங்களின் தலையில் குதித்து நசுக்கலாம். முள்ளம்பன்றி மேல் குதித்தால் நாம்தான் செத்தோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து வந்தபின் எனக்குப் பேச்சுத்துணை அதுதான்.

ஒரு மழை நாளில், திரும்பத் திரும்பச் செத்த ஆத்திரத்தில், "சனியன் புடிச்ச முள்ளம்பன்றி, ஒன்ன இன்னைக்கு விடமாட்டேன்!" என்று கத்திவிட்டேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டுக்காரர் மம்பட்டியோடு ஓடி வந்தார். பின்னால் அவர் மனைவி, கையில் விறகுக்கட்டை.

"எங்கக்கா? கெழங்குப் பாத்தியிலயா?"

வெட்கத்தோடு ஃபோனைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இதுக்கா அக்கா இந்தக் கத்து கத்துனீங்க?"

அவர் மனைவி சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று கோப்பைகளில் பிளேன்டீ ஊற்றினேன். மகள் போனபின் ஒரு கோப்பைக்கு மேல் நான் எடுத்தது அன்றுதான்.

இப்போது அந்த முள்ளம்பன்றியைத் தாண்டப் பழகிவிட்டேன். ஆனாலும் மழை பிடித்துக்கொண்டால், வேண்டுமென்றே அதன் மேல் குதிக்கிறேன். குதித்துவிட்டு, கொஞ்சம் சத்தமாகவே கத்துகிறேன்.