நைனா விட்டுச்சென்ற அரைப் பை பொடி

எங்கள் தாய்ப்பன்றிகளுக்குப் பால் சுரந்தது நைனா கலந்து வைத்த பொடியால்தானா? நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. நினைவு மலரில் கேட்கத் தக்க கேள்விதானா என்றும் தெரியவில்லை. தவறென்றால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நைனா சாந்திபுரத்துக்கு அருகே, நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தார். ஊரே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிய காலத்தில் அவரும் போனார். சாரத்திலிருந்து விழுந்து, பாரம் தூக்க முடியாத இடுப்போடு திரும்பி வந்தார். நகரத்து ஓட்டல்களில் பன்றிக்கறி விற்பதைப் பார்த்திருந்தார். இரண்டு வெள்ளைப் பன்றிகளை வாங்கிப் பட்டி போட்டார். அதன்பின் உறவில் சிலர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள். குறையாகச் சொல்லவில்லை. நைனாவே அதைக் குறையாகச் சொன்னதில்லை.

முதல் ஈற்றில் தாய்க்குப் பால் இல்லை. குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அப்போது ரேணிகுண்டாவிலிருந்து ஒரு தீவன வியாபாரி அந்தப் பொடியைக் கொண்டுவந்தார். தண்ணீர்விட்டான் கிழங்கு, வெந்தயம் முதலியவற்றின் சாற்றைக் காய்ச்சி உலர்த்தியது. சினை முற்றியதிலிருந்து குட்டிகள் பால் மறக்கும்வரை தவிட்டில் கலந்து வைக்கச் சொன்னார். நைனா முதலில் ஒரு சிட்டிகையைத் தம் நாக்கில் போட்டுப் பார்த்தார். அடுத்த ஈற்றில் குட்டிகள் பிழைத்தன. பிறகு பொடி இல்லாமல் எங்கள் பட்டியில் ஈற்று நடந்ததே இல்லை. பொடி தின்ற தாய்களின் குட்டிகள் செத்ததும் உண்டு.

திருப்பதியில் கல்லூரியில் படித்தபோது, விடுமுறைக்கு வந்த இடத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன்.

"ஒண்ணுக்கு மட்டும் குடு நைனா. இன்னொண்ணுக்கு வாணாம். வேலை செய்யுதா இல்லியான்னு தெரிஞ்சிடும்."

நைனா சிரித்துவிட்டார். "ரெண்டும் வயித்த தள்ளிக்கினு நிக்குது. எதப் பாத்து உனக்கு இல்லன்றது? படிச்சவ, நீயே போய் சொல்லிட்டு வா."

நான் போகவில்லை.

என் மகள் பிறந்தபோது எனக்கும் பால் போதவில்லை. பக்கத்து வீட்டு அத்தை பட்டியோரம் நின்று சத்தம் போட்டார். "பன்னிக்கே கலக்கிக்கினு கீறியேண்ணா, பெத்துப் படுத்துக்கினு கீற பொண்ணு உன் கண்ணுக்குத் தெரிலியா?"

"அவளுக்குப் பூண்டு உரிச்சி வெச்சிட்டுதான் வந்தேன். உன் வாய அடைக்கவும் ரெண்டு பல்லு கீது, வா."

பூண்டைப் பாலில் வேகவைத்து நாள் தவறாமல் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் பால் வந்தது. அது பூண்டாலா, தானாகவா, அதுவும் எனக்குத் தெரியாது.

கடைசி நாட்களில், திருப்பதி மருத்துவமனையில் மூச்சுக்குத் தவித்த நிலையிலும் நைனா ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "பொடி கலந்தியா?" என்று கேட்டார்.

"அத்தை கலந்து வெச்சிது நைனா."

"ரெண்டுக்கும்?"

"ரெண்டுக்கும்."

அதன்பின் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு வந்த ஈற்றுக்கு நானே கலந்தேன். அதே பொடி, அதே தவிடு. குட்டிகளில் பாதி பிழைக்கவில்லை. நான் எங்கே பிழை செய்தேன் என்று இன்றும் புரியவில்லை. பெங்களூரிலிருக்கும் தம்பி விற்றுவிடச் சொல்கிறான். சினையாக இருப்பதை விற்க நைனா ஒருபோதும் சம்மதித்ததில்லை. இப்போது இரண்டுமே நிறைசினை. பொடி அரைப் பைதான் மீதம், ஒன்றுக்குத்தான் வரும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரேணிகுண்டா போனேன். வியாபாரியின் கடை மூடிக் கிடக்கிறது. மற்ற கடைகளில் வேறு பொடிகள் உண்டு. இதே சரக்குதானா என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பட்டிக்குப் போனால் இரண்டும் எழுந்து வருகின்றன. ஒன்றுக்கு வயதாகிவிட்டது. மற்றது எலும்பு தெரிய மெலிந்திருக்கிறது. வெறும் தவிட்டை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

நைனாவை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்த ஆட்டோ தம்பிக்கும், கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அந்த நாட்களில் எங்கள் பட்டியைப் பார்த்துக்கொண்ட அத்தைக்கும், தோள்கொடுத்துச் சுமந்தவர்களுக்கும் என் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் பன்றி வளர்ப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். இருக்கும் பொடியைப் பாதிப்பாதியாக வைத்தால் பயன் உண்டா? ஒன்றுக்கே கொடுப்பதுதான் சரியென்றால், இன்னொன்றிடம் நான் என்ன சொல்வது?