மாடியை இறக்கிய நாள்

புயல் கடலோரமாக வடக்கே நகர்ந்து போன மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். நாங்கள் பிறந்து வளர்ந்த தாராவிச் சந்திலேயே அவள் இன்னும் இருக்கிறாள். நான் கல்யாணத்துக்குப் பிறகு செம்பூருக்கு வந்துவிட்டேன். பழைய கட்டடங்களைச் சோதித்து, எதைப் பழுதுபார்க்கலாம், எதை இடிக்க வேண்டும் என்று அறிக்கை கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் இஞ்சினியர் வேலை.

"ஏட்டி, இங்கன பாதி வீட்டுக்குப் பத்ரா இல்ல. எந்த வீட்டுல இருக்கலாம், எதுல இருக்கக்கூடாதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்றாள்.

தகரக் கூரையைத்தான் பத்ரா என்கிறோம். இந்தி வார்த்தை, எங்கள் சந்தில் யாருக்கும் அது வேற்று மொழியாகத் தோன்றியதில்லை.

கொரோனா இரண்டாவது அலை ஓயாத சமயம். லோக்கல் ரயிலில் அத்தியாவசிய வேலைக்காரர்களைத் தவிர யாரையும் ஏற்றவில்லை. செம்பூரில் தூங்குமூஞ்சி மரங்கள் கார்கள் மேல் விழுந்து கிடந்தன. ஆட்டோ சுற்றிச் சுற்றிச் சயானில் இறக்கிவிட்டது. அங்கிருந்து நடந்தேன்.

சந்தில் முதலில் கண்ணில் பட்டது வெளிச்சம். அந்தச் சந்துக்குள் பகலிலும் விளக்கு எரியும். அன்று மேலே இருந்த தகரங்கள் பல போய்விட்டதால் தரை வரை வெயில் விழுந்தது. பெண்கள் நனைந்த மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஊரடங்கின்போது சேர்ந்து சமைத்த அதே பெண்கள், அதே பெரிய பாத்திரங்களை மறுபடியும் இறக்கி உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களில் ஒருத்தி. தலைவி என்று யாரும் கிடையாது. சத்தமாகப் பேசுகிறவள் சொல்வது நடக்கும். அக்கா சத்தமாகப் பேசுவாள்.

நான் வீடு வீடாகப் பார்த்தேன். பெரும்பாலும் கூரைதான் போயிருந்தது, சுவர்களுக்கு ஒன்றுமில்லை. தார்ப்பாய் கட்டினால் போதும் என்று சொல்லிக்கொண்டே போனேன். தார்ப்பாய்க்குப் பதிலாகப் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்கள் வந்து குவிந்திருந்தன. பிறந்தநாள் வாழ்த்துப் பெற்ற பிரமுகர்கள் கைகூப்பியபடி கூரைகளில் மல்லாந்து படுத்திருந்தார்கள்.

அக்காவுக்கு நடுவில் ஒரு போன் வந்தது. மாட்டுங்காவில் ஓர் அடுக்ககத்தில் நிவாரணச் சாமான் சேர்த்து அனுப்பும் பாலக்காட்டு மாமி. ஸ்பீக்கரில் பேசினார்.

"பொடவை, பேன்ட், ஷர்ட்டெல்லாம் நிறைய இருக்கு. அனுப்பட்டுமா?"

"துணி வேண்டாம் மாமி. காயப்போடவே இடமில்ல."

"அப்போ என்னதான் வேணும், சொல்லுங்கோ."

"கயிறு வேணும். நைலான் கயிறு. நல்ல தடிமனா."

"கயிறா? சரி, பாக்கறேன்" என்றார். மத்தியானத்துக்குள் ஒரு டெம்போவில் கயிறு வந்து சேர்ந்தது. துணியும் வந்தது.

சந்தின் வளைவில் ஒரு வீடு. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, ஏறிப்போக வெளியே இரும்பு ஏணி. கீழே இருந்தவர் பைகள் தைக்கும் பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர். மேலறையில் இருந்த மகன், முந்தைய ஊரடங்கில் வேலை போனதும் மனைவி குழந்தையோடு திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டான். போகும்போது பூட்டிவிட்டுப் போனான். மேலறையைப் பெரியவர் தன் மகளுக்குக் கொடுத்துவிடுவார் என்று அவனுக்கு ஒரு எண்ணம். அதில் அப்பாவும் மகனும் பேசுவதில்லை என்று அக்கா நடந்துகொண்டே சொன்னாள்.

கூரை பறந்தபோது அதைத் தாங்கிய இரும்புச் சட்டத்தையும் இழுத்திருந்தது. சட்டம் மேலறையின் செங்கல் சுவரை வெளியே தள்ளியிருந்தது. நான் சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நூல் சுவரின் தலையைத் தொட்டது. அடியில் என் உள்ளங்கை நுழைகிற இடைவெளி. அந்தச் சுவருக்குக் கீழேதான் சந்தில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் குழாய்.

"இதை இறக்கிடணும் மாமா. இன்னைக்கே. அடுத்த மழை வரைக்கும் நிக்காது" என்றேன்.

பெரியவர் சுவரைப் பார்க்கவில்லை. "பூட்டிக் கெடக்கு. சாவி அவங்கிட்ட இருக்கு" என்றார்.

"பூட்டை உடைச்சிடலாம்."

"நான் உடைச்சேன்னு ஆயிடும்."

எதிர்வீட்டுக்காரர் வேறொன்று சொன்னார். சேதத்தைப் பார்த்து பஞ்சநாமா என்கிற பதிவு எழுத சர்க்கார் ஆட்கள் வருவார்கள், அதுவரை எதையும் தொடக்கூடாது, தொட்டால் நிவாரணம் கிடைக்காது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். நான் எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்தேன், தூக்குக்குண்டு தெரிகிற மாதிரி. குழாயடிக்கு யாரும் போகாதபடி பெண்கள் சந்தின் இருபுறமும் ஸ்டூல்களைக் குறுக்கே போட்டார்கள்.

அக்கா மகனுக்கு வீடியோ கால் போட்டாள். முதலில் அவன் நம்பவில்லை.

"இதெல்லாம் அவரு சொல்லச் சொன்னதா அக்கா?"

"உங்கப்பா வாயே தொறக்கல. நீயே பாரு" என்று போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

அவன் இன்னும் கிட்டக் காட்டச் சொன்னான். பிறகு, "பூட்டை உடைங்க. ஆனா ஒவ்வொரு சாமானும் வெளிய வரும்போது நான் பாக்கணும். போனைக் கட் பண்ணாதீங்க" என்றான்.

அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அக்கா ஏணிக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள், போனை மார்புக்கு நேரே பிடித்தபடி. நான் முதலில் ஏறிப் பூட்டை உடைத்தேன். தரைப் பலகைகள் ஊறியிருந்தன, ஆனால் உத்திரங்கள் உறுதியாகத்தான் இருந்தன. ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் மேலே நிற்கக்கூடாது, சாய்ந்த சுவர்ப் பக்கம் போகவே கூடாது என்றேன். எதிர்வீட்டுக்காரர் ஏறி வந்தார். பஞ்சநாமாவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

பாத்திரங்கள், மிக்சி, சுருட்டிய பாய், ஈரமான அரிசி மூட்டை, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். ஒவ்வொன்றையும் ஏணி வழியே இறக்கினோம். கீழே வாங்கி வைத்தவர் பெரியவர். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராக வந்து ஏணியடியில் நின்றார். ஒவ்வொரு சாமானையும் போனுக்கு நேரே கொஞ்சம் பிடித்துவிட்டுத் சுவரோரமாக அடுக்கினார். போனில் இருந்தவன் "சரி", "சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பீரோவை நகர்த்தும்போது சுவரின் உச்சியிலிருந்து ஒரு செங்கல் கழன்று குழாயடியில் விழுந்தது. அங்கே யாரும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் பீரோவை விட்டுவிட்டு, "மொதல்ல இதைக் காலி பண்ணிட்டுத் தூக்குவோம்" என்றார் மெதுவாக.

பீரோ பூட்டியிருந்தது. கீழே சொன்னோம். அக்கா போனிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவர் குனிந்து, திரையைப் பார்த்து, "பீரோ சாவி எங்கல வச்சிருக்க?" என்று கேட்டார்.

"சாமி படத்துக்குப் பின்னால" என்றான் மகன். பிறகு, "மாஸ்க்கைத் தூக்கி மூக்கு வரைக்கும் போடுங்க" என்றான்.

பெரியவர் போட்டுக்கொண்டார். அன்று அவர்கள் நேருக்கு நேர் பேசியது அவ்வளவுதான். அக்கா மட்டும் அதை அன்று முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாமான்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சந்துக்காரர்கள் பிரித்து வாங்கிக்கொண்டார்கள்; யார் வீட்டில் எது என்று மகனுக்குக் காட்டிய பிறகுதான். பீரோ அக்கா வீட்டு வாசலைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது. பிறகு சாய்ந்த சுவரையும், அதைத் தொடர்ந்து மற்றச் சுவர்களையும் மேலிருந்து செங்கல் செங்கலாக உள்பக்கமாக எடுத்து இறக்கினோம். வெயில் தாழ்வதற்குள் கீழறை மட்டும் மிஞ்சியது. அதன் தலையில் ஃப்ளெக்ஸ் போட்டு, மாட்டுங்காக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். மேலறையில் மிச்சமிருந்த நல்ல தகரங்களில் சில, கூரையே இல்லாத வேறு வீடுகளுக்குப் போயின. பெரியவர்தான் எடுத்துப் போகச் சொன்னார்.

சர்க்கார் ஆட்கள் பிறகு வந்தார்கள். படங்களைப் பொறுமையாகப் பார்த்தார்கள். அவர்களுடைய பதிவில் அந்த வீட்டுக்கு மேலறையே கிடையாது. ஆகவே இல்லாத ஒன்று சேதமானதாக எழுத முடியாது என்றார்கள். அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னார். கீழறையின் நனைந்த சுவரைக் குறித்துக்கொண்டு போனார்.

மழைக்காலம் முழுக்க ஃப்ளெக்ஸ் ஒரு மூலையில் மட்டும் ஒழுகியது. மகன் தீபாவளி கழிந்து குடும்பத்தோடு திரும்பி வந்தான். மேலறை இல்லாததால் பக்கத்திலிருக்கும் சுனாபட்டியில் வாடகைக்கு இடம் பார்த்துக்கொண்டான். அப்பாவோடு சமாதானமாகிவிட்டானா என்று அக்காவைக் கேட்டேன். "ஞாயித்துக்கெழம வாரான். கறி வாங்கிட்டு வாரான். வந்தா டிவியப் பாத்துட்டு இருக்கான்" என்றாள்.

அடுத்த வருஷம் அவன் எனக்குப் போன் செய்தான். மறுபடியும் மேலே ஓர் அறை எழுப்பினால் பழைய உத்திரம் தாங்குமா என்று கேட்டான். போய்ப் பார்த்தேன். செங்கல் வேண்டாம், இலேசான சட்டமும் தகரமும் என்றால் தாங்கும் என்றேன். அப்பாவும் மகனும் பக்கத்தில் நின்று கேட்டார்கள். யாருக்காக அந்த அறை என்று நான் கேட்கவில்லை. ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று இருவரும் வாதாட ஆரம்பித்தார்கள். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.