முல்லைக்கு ஊற்றியது

முல்லையின் இலைகள் ஓரத்திலிருந்து கருகத் தொடங்கியதை முதலில் கண்டது என் ஓரகத்திதான். கண்டதும் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

திருவொற்றியூரில் அப்போது நாங்கள் கூட்டுக்குடும்பம். என் கணவரின் அண்ணன் மனைவியான அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. மதிலில் ஏற்ற ஒரு கொடியைத் தேர்ந்தெடுக்கவே அவ்வளவு யோசனை. காகிதப்பூ வைத்தால் முள் பிள்ளைகளின் கண்ணைக் குத்தும். சங்குப்பூவைப் பூசைக்கென்று தெருவே வந்து பறிக்கும். திருடி வைத்தால்தான் வளரும் என்று மணி பிளான்ட்டை எவளாவது கிள்ளிக்கொண்டு போவாள். கடைசியில் பக்கத்து வீட்டு டீச்சரம்மா தன் அம்மா வீட்டிலிருந்து முல்லைப் பதியன் கொண்டுவந்து கொடுத்தார். கடல் காற்றையும் கம்பெனித் தூசியையும் தாங்கி அது படர்ந்தது. மீன் கழுவிய தண்ணீர்தான் அதற்குத் தினசரி உரம். மதிலுக்கு அந்தப் பக்கம் தொங்கிய பூவெல்லாம் டீச்சரம்மா வீட்டு மாதா படத்துக்கு. அக்கா மனம்விட்டுப் பேச அந்தத் தெருவில் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

டீச்சரம்மா வேண்டுமென்றே சோப்புத் தண்ணீரை ஊற்றுகிறார் என்று, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற அத்தனை பேரிடமும் அக்கா சொன்னாள். அது அவர் காதுக்கும் போனது. அவர் சண்டைக்கு வரவில்லை. பூப் பறிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். வாயைத் திறக்காமல் இருப்பதே சாட்சி என்றாள் அக்கா. எனக்கென்னவோ அக்கா மேல்தான் சந்தேகம்.

ஒரு மதியம் அவள் பின்னாலேயே போய் நின்றேன். மீன்பிடித் தடைக்காலம் அது. விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை, மீன் விற்ற விலைக்கு வாங்கி மாளாது, வீட்டில் எந்நாளும் கருவாட்டுக் குழம்புதான். கருவாடு ஊறிய தண்ணீரை வழக்கம்போல வேரில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இது மீன் தண்ணி இல்லக்கா. கருவாட்டுத் தண்ணி. அத்தினியும் உப்பு.”

அவள் கை நின்றது. சட்டியைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். இப்போதே போய் டீச்சரம்மாவிடம் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“தெருவுக்கே சொல்லிட்டேனே. இப்ப போய் இன்னான்னு சொல்லுவேன்?” என்றவள், சட்டியில் மீதி இருந்ததையும் வேரிலேயே கொட்டினாள்.

கொடி போயிற்று. டீச்சரம்மாவும் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார். இப்போது மாத்தூரில் என் மொட்டை மாடியிலும் ஒரு முல்லை படர்ந்திருக்கிறது. வரும்போதெல்லாம் அக்கா அதைத் தடவிப் பார்க்கிறாள், டீச்சரம்மா எங்கே இருக்கிறாரோ என்கிறாள், தண்ணி ஊத்தட்டா என்று கேட்கிறாள்.

“வேணாங்க்கா. நானே ஊத்திக்கிறேன்.”