வலைக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர்

அந்தச் சுடுதண்ணிப் போத்தலுக்குத் தனியாகக் கோப்பை கிடையாது. மூடிதான் கோப்பை. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் ஐஸ் ஹாக்கி அரங்கில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றபடி அந்த மூடியில் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றி, முதலில் அண்ணையிடம் நீட்டுவேன். அவர் பாதி குடித்துவிட்டுத் தருவார். மீதி எனக்கு. எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேரோடு ஒரே அறையில் படுத்தவன் நான். ஆனாலும் என் கோப்பையில் இன்னொருவர் வாய் வைக்க விட்டதில்லை. அவரை விட்டேன்.

அவர் கூடப்பிறந்தவர் அல்ல. என் மகள் விளையாடிய அணியிலேயே அவருடைய மகனும் விளையாடினான். அந்த அரங்கில் தமிழர் நாங்கள் இருவர்தான். மகள் கோல் கீப்பர். இந்த விளையாட்டில் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும். அதனால் கோல் கீப்பரைப் பெற்றவர்கள் ஓர் இடத்தில் இருப்பதில்லை. பிள்ளை எந்த வலைக்குப் போகிறதோ, கண்ணாடியைச் சுற்றி நடந்து அந்த வலைக்குப் பின்னால் போய் நிற்பார்கள். மற்ற ஆட்களைப் பெற்றவர்கள் நடுவில், வாங்குகளில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அண்ணையின் மகன் முன்வரிசை ஆட்டக்காரன். அவர் நடக்கவேண்டிய தேவையே இல்லை. ஆனால் முதல் நாளே எழுந்து என்னோடு வந்தார்.

"தனிய நிண்டு விறைக்கப் போறியே தம்பி? அடிபடுறது அதுகள், நடுங்கிறது நாங்கள். நட."

இரண்டு குளிர்காலம் அப்படி நடந்தோம். நான் பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டவன். பாங்கொக்கில் அடைபட்டுக் கிடந்தது, இத்தாலியில் தக்காளி பிடுங்கியது, ஜெர்மனியில் சட்டி கழுவியது, இங்கே வந்து கூரை வேலை என்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் சிரிப்பார். "உன்ரை காலிலை சில்லெல்லோ பூட்டியிருக்கு, ஓரிடத்திலை நிக்கமாட்டாய்." பிரெஞ்சு வகுப்புக்குப் போய் இடையில் விட்டதையும் சொன்னேன். அவர் பிரெஞ்சு நன்றாகக் கதைப்பார். கோச்சுக்கும் எனக்கும் இடையில் வந்துபோன ஒவ்வொரு சொல்லும் அவர் வாய்வழியாகத்தான் வந்துபோனது.

மொன்றியலில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. குளிர் தொடங்கினால், "வாற வருசம் டொரொண்டோவுக்குப் போயிடுவம்" என்பார்கள். பனி உருகினால் மறந்துவிடுவார்கள். நானும் சொல்வேன். அண்ணையும் சொல்வார். "அங்கை எண்டால் கடையிலை தமிழிலை சண்டை பிடிக்கலாம்" என்பார். இந்த இலையுதிர்காலத்திலும் சொன்னோம். தேத்தண்ணி ஆறும்வரை சொல்கிற கதை அது.

புதிய பருவத்துக்கு அணி எடுக்கும் நாளில் கோச் என்னிடம் வந்தார். என் தோளில் கை வைத்து, கொஞ்சம் கவலையான முகத்தோடு ஏதோ சொன்னார். அண்ணை மொழிபெயர்த்தார்: "பிள்ளை நல்லா விளையாடுறாளாம். ஆனால் இந்த முறை வேறை ஒராளையும் வலையிலை விட்டுப் பாக்கப் போயினமாம். எங்கடை பொடியனை." எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவருடைய பிள்ளைதானே என்று நினைத்தேன். கோச் கை நீட்டினார். நான் குலுக்கி, "மெர்சி" என்று நன்றி சொன்னேன். மகள் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள். "அப்பா, நாங்கள் டொரொண்டோவுக்குப் போறமா?"

"ஆர் சொன்னது?"

"கோச். கிறிஸ்மஸுக்குப் பிறகு நாங்கள் போறமாம், நடுவிலை கோல் கீப்பர் இல்லாமல் போனால் டீமுக்குக் கஷ்டமாம். அங்கை நல்லாயிருங்கோ எண்டவர். நீங்கள் மெர்சி எண்டீங்கள்." அண்ணையை அவள் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். "பெரியப்பா ஏன் அதைச் சொல்லேல்லை?"

அடுத்த பயிற்சிக்கு அவளையே கூட்டிக்கொண்டு கோச்சிடம் போனேன். நாங்கள் எங்கும் போகவில்லை என்று அவள் பிரெஞ்சில் சொன்னாள். அவர் கைகளை விரித்தார். அணி முடிவாகிவிட்டது, பொடியன் பழகத் தொடங்கிவிட்டான். "என்னை டிஃபென்ஸிலை, வலைக்கு முன்னாலை மறிக்க விடுறாராம்" என்று மகள் எனக்குச் சொன்னாள். கழகத்துக்குச் சொந்தமான அந்தப் பெரிய கால் கவசங்களை அவன் கட்டத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தான். அவள் போய்க் குனிந்து வார்களை இழுத்து மாட்டிவிட்டாள். இரண்டு வருடமாக அவள் கட்டிய கவசங்கள்.

அண்ணையை வாகனத் தரிப்பிடத்தில் கண்டேன்.

"நான் பொய் சொல்லேல்லைத் தம்பி. நீ சொன்னதைத்தானே கோச்சிட்டைச் சொன்னனான்."

"நீங்களும்தானே அண்ணை சொன்னனீங்கள்."

"நான் சும்மா சொன்னனான். நீ போற ஆள். நாடு நாடாத் திரிஞ்சதெண்டு நீ சொன்னதெல்லாம் வேறை என்ன? பொடியனும் ஆசைப்பட்டவன்." கார்க் கதவைத் திறந்தார். "ஏறு, குளிருது. வீட்டிலை விடுறன்."

நான் நடந்தே வந்தேன். அடி வாங்கியிருக்கிறேன், ஏமாற்றிப் பணம் பிடுங்கியவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் அந்நியர்கள். இவரிடம் நான் பட்டதையெல்லாம் கொடுத்தேன். அவர் அதையே எனக்கு எதிரான சாட்சியாக்கி, என் பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொண்டார்.

போன சனிக்கிழமையும் ஆட்டம் இருந்தது. மகள் அந்தப் பொடியனின் வலைக்கு முன்னால் நின்று மறித்தாள். வலைக்கு வந்த ரப்பர் வட்டு ஒன்றை விழுந்து உடம்பால் தடுத்தாள். எழுந்ததும், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் உற்சாகப்படுத்தும் வழக்கப்படி, தன் தடியால் அவன் கவசத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவளுக்கு அவன் மீது கோபம் இல்லை. எனக்கு அதுவும் வலித்தது.

முதல் பகுதி முடிந்ததும் என் கால்கள் பழக்கத்தில் எழுந்துவிட்டன. பிறகு உட்கார்ந்தேன். டிஃபென்ஸ் ஆடும் பிள்ளையின் தகப்பனுக்கு நடுவில்தான் இடம். அண்ணை கண்ணாடியைச் சுற்றி மறுபக்க வலைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார், தனியாக, கைகளைக் குளிர்ச்சட்டைப் பைகளுக்குள் விட்டபடி. நான் அப்போதுதான் மூடியில் தேத்தண்ணி ஊற்றியிருந்தேன். ஆவி பறந்தது. எனக்கு நேரே வந்ததும் அவர் நடை தளர்ந்தது. என்னைப் பார்க்கவில்லை, மூடியைப் பார்த்தார்.

நான் முழுவதையும் குடித்து முடித்து, மூடியை உதறிப் போத்தலில் இறுகத் திருகினேன்.