தேக்கில் கட்டிய வரப்பு

எழுபதுகளின் தொடக்கத்தில், கூத்தாநல்லூரில் ஒரு பாய் வீட்டு வாசலில் நடந்தது இது. சிங்கப்பூரில் சம்பாதித்துவிட்டு வந்து, ஊரில் அரிசி மில் வைத்திருந்தவர் அந்தப் பாய். புது வீட்டின் தலைவாசல் கதவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். என் கணவர் தச்சர். மரத்தை அறுத்து, இழைத்து, பூட்டுவார். சித்திர வேலை மட்டும் என் கை. பொம்பளை உளி பிடிக்கலாமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அதுவரை நான் செதுக்கியதெல்லாம் கஜலட்சுமி, கிளி, யாளி. பாய் வீட்டிலோ, அவர்கள் மார்க்கப்படி மனிதர், மிருகம், பறவை எதன் உருவமும் கூடாது. "கொடி, பூ ஏதாச்சும் போடுங்கம்மா" என்றார். எனக்கு அப்போது பூப்போடும் மனநிலை இல்லை. ஊர் எல்லையில் எங்களுக்கு மூன்று மா குத்தகை நிலம் இருந்தது. மாமனார் காலத்திலிருந்து நாங்கள்தான் சாகுபடி. குத்தகைக்காரர்களை வெளியேற்ற முடியாது என்று சட்டம் பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் என்ன செய்தார் தெரியுமா? அறுவடை முடிந்த கையோடு டிராக்டரை விட்டு, எங்கள் நிலத்தைச் சுற்றியிருந்த வரப்பை இடித்துத் தன் வயலோடு சேர்த்து உழுதுவிட்டார். இங்கே தனியாக ஒரு நிலம் இருந்ததே இல்லை, எல்லாம் என் சொந்தச் சாகுபடி என்று கூசாமல் சாதித்தார்.

ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே ஆத்திரத்தோடுதான் தேக்குப் பலகையில் உளியை வைத்தேன். வாய்க்கால் வளையும் இடம், எங்கள் மடை, மடையோரம் சாய்ந்து நிற்கும் ஒற்றைப் பனை, நடவு முடிந்த பயிர் என்று எங்கள் வயலே வந்தது. கைப்பழக்கத்தில் ஒரு கொக்கும் வந்துவிட்டது. அதை எடுத்துவிடும்படி பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதை நாணல் புதராக மாற்றிவிட்டேன். கடைசியாக, இடித்த வரப்பை அதே கோணல்மாணலோடு சுற்றிலும் எடுப்பாகச் செதுக்கினேன்.

கதவு மாட்டிய அன்று தெருவே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. மிராசுதாரும் வந்தார். பாயின் மில்லுக்கு நெல் பெரும்பாலும் அவரிடமிருந்துதான். கதவைப் பார்த்துத் தலையாட்டியவர், பனையைப் பார்த்ததும் நின்றார். வரப்பைத் தொட்டார். விரல் சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது.

"இந்த வரப்பை இழைச்சு எடுத்துடு" என்றார் என்னிடம்.

எடுக்க மறுத்தால் பாய்க்கு நெல் நின்றுபோகும். எங்களுக்கோ அந்தப் பக்கம் வேலையே கிடைக்காது. என் கணவர் இழைப்புளியைக் கையில் எடுத்தேவிட்டார். "கொக்கை எடுத்தியே, இதையும் எடுத்துட்டாத்தான் என்ன?" என்று என் காதோரம் கெஞ்சினார். நான் மிராசுதார் பக்கம் திரும்பினேன்.

"கொக்கை எடுக்கச் சொன்னது அவங்க மார்க்கம். மதிச்சு எடுத்தேன். வரப்பை எடுக்கச் சொல்றது உங்க பயம்ங்க ஐயா. அதை நான் ஏன் மதிக்கணும்?"

உளியையும் கொட்டாப்புளியையும் அவர் முன்னால் வைத்தேன். "வயல்ல இடிச்ச மாதிரி இதையும் நீங்களே இடிச்சுக்குங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

அத்தனை பேர் பார்க்க அவர் எப்படிக் குனிவார்? அப்போதுதான் பாய்க்குக் குரல் வந்தது. "கதவு அப்படியே இருக்கட்டும்ங்க. உள்ள வாங்க, டீ சாப்பிடலாம்" என்றார். மிராசுதார் டீ சாப்பிடாமலே போய்விட்டார். அந்த வருஷம் பாய் நெல்லுக்குப் பூதலூர் வரை அலைந்தார். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

நிலம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதை மறைத்துச் சொன்னால் நான் பொய் சொன்னதாகிவிடும். ஆனால் இன்றைக்கும் அந்தத் தெருப் பக்கம் போனால், பாய் வீட்டுக் கதவில் அந்த வரப்பின் மேல் விரலை வைத்து ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வருவேன். எங்களுக்கு நிலமே இருந்ததில்லை என்று எந்தக் கொம்பனும் சொல்ல முடியாத ஒரே இடம் அதுதான்.